வழிகாட்டும் நாற்காலியில் நம்மவர் எப்போது?

தாராவியின் தோல் பட்டறைகளில் கை வெந்தோம். விடியுமுன் இட்லிப் பாத்திரம் சுமந்தோம். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினோம். பி.காம். சான்றிதழ் வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்து எங்கே போவது? சொல்வார் யார்?

1966இல் அறிக்கை தந்த கோத்தாரிக் குழு, கல்வியில் வழிகாட்டலின் தேவையை எடுத்துரைத்தது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் உயர்கல்வி மாணவர் அனைவருக்கும் தொழில் ஆலோசனை கிடைக்கும் என்கிறது. ஏட்டில் எல்லாம் உண்டு! நம் பிள்ளைகள் படிக்கும் சாதாரணக் கல்லூரிகளிலோ, பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரின் தலையிலேயே இந்தச் சுமையும் ஏறுகிறது.

இது சின்ன விஷயமா? ஓர் உதாரணம் பாருங்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினராக இருப்பவர், குடிபெயர்ந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 1990இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஆனால் மத்திய அரசுப் பணிகளுக்கான ஒதுக்கீடு நாடு முழுவதற்கும் பொது என்று 2018இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. இந்த வேறுபாடு அறியாதவர், "உனக்குச் சலுகையே இல்லை" என்று சொல்லி அனுப்பினால், ரயில்வே முதலான பணிகளின் கதவு அந்தப் பிள்ளைக்கு அன்றே அடைபட்டுவிடும். ஊர்விட்டு ஊர் வந்தவன் வீட்டுச் சிக்கலை, அந்த வீட்டில் பிறந்தவரே எளிதில் உணர்வார்.

ஆகவே சொல்கிறோம்: நம் பட்டதாரிகள் இந்த வேலைக்கே வரட்டும். உளவியலோ சமூகப் பணியோ படித்தவர்களுக்கு இது பொருந்திய தொழில். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, வழிகாட்டலுக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பை மைசூர், போபால் முதலிய இடங்களில் நடத்திவந்திருக்கிறது. தமிழும் மராத்தியும் இந்தியும் பேசும் நம் பெண்ணுக்கு அந்த மொழிகளே ஒரு மூலதனம்.

படித்தால் மட்டும் நாற்காலி கிடைத்துவிடாது. ஒப்பந்த வேலையே முதலில் வாய்க்கலாம். அதனால் இரண்டு காரியம் செய்வோம். முழுநேர ஆலோசகர் பணியிடமும் முறையான சம்பளமும் கேட்டுக் கல்லூரி நிர்வாகங்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்டு மனு கொடுப்போம். ஞாயிறுதோறும் சங்க அறையைத் திறந்து, பயிற்சி பெறும் இளைஞர்களை நம் பிள்ளைகளுக்கு வழி சொல்ல உட்காரவைப்போம். அந்த அனுபவமே நாளை அவர்களுடைய விண்ணப்பத்தில் ஏறும்.

வழி கேட்டே வாழ்ந்தது நம் தலைமுறை. வழி சொல்லும் தலைமுறை நம் வீட்டிலிருந்து எழட்டும்!