நாயின் பெயர் நின்றது. ஓர் இனத்தின் நா அவிந்தது!



திருவண்ணாமலைக்கு வருவோர் மலையை வலம் வந்து, கோபுரத்தை அண்ணாந்து நோக்கி மீள்கின்றனர். இம்மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லை அறிந்தார் சிலரே. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் அது. நிரை காத்து மாய்ந்த கருந்தேவகத்தி என்னும் மறவனையும், கள்வர் இருவரைக் கடித்து அவனைக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் அது கூறுகின்றது. ஏறத்தாழ 1400 ஆண்டுகள் கழிந்தன. இன்றும் அந்நாயின் பெயரை நம் மொழியில் படிக்கின்றோம்!

இப்பேறு எல்லா இனத்திற்கும் வாய்த்ததன்று. வங்கக் கடலுக்கு அப்பால் அந்தமானைப் பாருங்கள். அங்குப் பெருமந்தமானியர் எனப்பெறும் பத்துத் தொல்குடிகளுள் ஒன்று 'போ' குடி. அதற்கெனத் தனிமொழி இருந்தது; எழுத்து இல்லை. 1858இல் ஆங்கிலேயர் அத்தீவுகளில் தண்டனைக் குடியிருப்பை நிறுவினர். வந்தேறியோர் கொணர்ந்த தட்டம்மை முதலிய நோய்கள் அம்மக்களை வாரிச் சென்றன. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்துக் குடிகளும் சேர்ந்து 625 பேர். 1961இல் 19 பேர்!

நோய் உடலைக் கொன்றது. நாவைக் கொன்றது எது? எஞ்சியோர் தம் மக்களோடு இந்தியில் பேசத் தலைப்பட்டமையே! போ மொழியைக் கடைசியாகப் பேசியவர் போவா என்னும் மூதாட்டி. மறுமொழி கூற மாந்தர் இன்மையால் அவர் பறவைகளோடு தம் மொழியில் பேசினார். அவர்தம் சொற்களைத் தொகுத்த மொழியறிஞர் அன்விதா அப்பி இதனைக் கூறியுள்ளார். 2010 சனவரி 26 அன்று தில்லி குடியரசு நாள் கொண்டாடியது. அன்றே அம்மூதாட்டி மறைந்தார். அவரோடு ஒரு மொழியும் மறைந்தது.

'எமக்குக் கல்லுண்டு, ஏடுண்டு, கோடிக்கணக்கில் மக்களுண்டு' என்று இறுமாந்திராதீர்! கல் பெயரைத்தான் காக்கும். மொழியைக் காப்பது குழந்தையின் வாய். அண்ணாமலையார் கோயில் தெருக்களிலும் 'மம்மி' என்னும் குரல் கேட்கின்றதே, அது யார் செய்த கேடு? பகைவரா புகுத்தினர்? பெற்றோராகிய நாமல்லமோ!

இன்னொன்றும் எண்ணுக. நீலமலைத் தோடரும் கோத்தரும் இருளரும் தமக்கெனத் தனிமொழி உடையோர். இந்தி நம்மை விழுங்கலாகாது என்னும் நாம், தமிழால் அவர் மொழியை விழுங்கலாமோ? தன் தாயைப் போற்றுவோன் பிறன் தாயைப் பழியான்.

இன்றே உம் வீட்டில் தமிழ் ஒலிக்கட்டும். பறவையிடம் பேசும் நிலை நம் பேரர்க்கு வாராதொழிக!