ஆமைக்குஞ்சின் கட்டுச்சோறு

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சரி, மனுஷன் புகுந்த ஆமை வீடு? அதற்கு எந்த ஆமையும் பழமொழி சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருந்தால் நாம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது!

ஆபீஸில் பக்கத்து ஸீட் பையன் தேனிலவுக்கு இலங்கை போய் வந்தான். செல்போனில் முந்நூறு போட்டோ. அவற்றில் புது மனைவியைவிட அதிக இடம் பிடித்திருந்தது ஓர் ஆமைக்குஞ்சு.

"மூணு நாள் குஞ்சு, ஸார். சிமென்ட் தொட்டியில விட்டு வளர்க்கறாங்க. கொஞ்சம் தெம்பு வந்ததும் கடல்ல விடுவாங்களாம். எவ்வளவு நல்ல மனசு பாருங்க!"

நல்ல மனசுதான். வில்லங்கமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மணலுக்குள் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற குஞ்சு, பெரும்பாலும் ராத்திரியில், நேராகக் கடலைப் பார்த்து ஓடும். தண்ணீரில் விழுந்ததும் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வெறி பிடித்த மாதிரி நீந்தும். காரணம் இருக்கிறது. கரையோரம் முழுக்க மீனும் பறவையும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. அந்தப் பேட்டையைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போய்விட்டால் பிழைக்க ஒரு வழி உண்டு.

இத்தனைக்கும் சாப்பாடு? முட்டையின் மஞ்சள் கருவில் கொஞ்சம் மிச்சம், குஞ்சின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. முகம்கூடக் காட்டாமல் போன அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. முதல் சில நாட்களுக்கு அதுதான் எல்லாம்.

இந்தக் குஞ்சைத் தொட்டியில் போட்டால் என்ன ஆகும்? அது சும்மா இருக்காது. சுவரில் முட்டி முட்டி நீந்தும். எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் கிளம்புவதற்கு முன்னாலேயே கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்று முடித்தவன், திருநெல்வேலி வரைக்கும் என்ன செய்வான்? அதே கதைதான். மூன்று நாள்கூட வேண்டாம்... சில மணி நேரம் தாமதமானாலே நீச்சல் வேகம் குறைந்துவிடுகிறது என்று மலேசியாவின் சபா மாநிலத்துக் குஞ்சுகளை வைத்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. 'தெம்பு வரட்டும்' என்று நாம் பிடித்து வைக்கிற நேரத்தில்தான் இருக்கிற தெம்பும் போகிறது!

இன்னொரு சங்கடமும் உண்டு. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே ரூமில் ஆறு பேர் தங்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆமைக்கு ரூம்மேட்டே ஆகாது. கடலில் அது தனிக்கட்டை. தொட்டியில் நெருக்கிப் போட்டால் ஒன்றின் துடுப்பை இன்னொன்று கடிக்கும். புண்ணாகும். புண்ணில் கிருமி ஏறும். தண்ணீரை ஒழுங்காக மாற்றாவிட்டால் ஒன்றுக்கு வந்தது ஊருக்கே வரும்.

அமெரிக்காக்காரன் இதையும் யோசித்தான். 'கெம்ப்ஸ் ரிட்லி' என்று ஓர் ஆமை. நம் பங்குனி ஆமைக்குச் சித்தப்பா பிள்ளை முறை. அழியும் தறுவாயில் இருந்தது. மெக்ஸிகோ கரையிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2,000 முட்டைகளைக் கொண்டுவந்து, குஞ்சுகளை டெக்ஸாஸில் கால்வெஸ்டன் என்ற ஊரில் வைத்து, ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்த்துக் கடலில் விட்டார்கள். கடித்துக்கொள்ளக் கூடாதே என்று ஒரு குஞ்சுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி! 1978-ல் பிறந்த குஞ்சுகளிலிருந்து 1992-ல் பிறந்தவை வரை நடந்தது. போட்ட செலவுக்குப் பலன் தெரியவில்லை என்று அதோடு ஏறக்கட்டினார்கள். அப்படி வளர்ந்தவற்றில் இரண்டு, 1996-ல் டெக்ஸாஸ் கரைக்கு வந்து முட்டையிட்டதும் நிஜம்தான். ஆனால் அந்த இனத்தை நிமிர்த்தியது வாளி அல்ல. மெக்ஸிகோவில் முட்டைக்குப் போட்ட காவலும், ஆமை தப்பிக்க வழி வைத்த இறால் வலையும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பையன் முகம் சுருங்கிப் போனான். "அப்போ நான் குடுத்த டிக்கெட் காசு பாவமா, ஸார்?"

அப்படியும் சொல்லிவிட முடியாது. இலங்கையின் தென்மேற்குக் கரையில், கொஸ்கொட பக்கம், இந்த மாதிரிப் பொரிப்பகங்கள் பல. முட்டை எடுப்பவர்களிடம் காசு கொடுத்து வாங்கிப் புதைக்கிறார்கள். வாங்காவிட்டால் அந்த முட்டை யார் வீட்டு வாணலிக்கோ போய்விடும். அந்தக் காசு வருவது டிக்கெட்டில். டிக்கெட் வாங்கியவர் வருகிற நேரம் பகல் பதினொரு மணி. குஞ்சு பொரிவதோ ராத்திரி. வந்தவருக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே... அதற்குத்தான் தொட்டி. ஆக, குஞ்சைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஆள் மட்டுமல்ல. 'கையில ஒண்ணு குடுங்களேன், ஒரு போட்டோ' என்கிற நாமும்தான்.

காசு கொடுக்கலாம். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். 'பொரிந்த ராத்திரியே விடுகிறீர்களா? தொட்டி எதற்கு?' நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குத் தொட்டி காட்ட மாட்டார்கள்.

இதற்கு விமானம் ஏறவேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் மாணவர்கள் 1988 முதல் ராத்திரியில் கடற்கரையோரம் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்து மணலில் புதைக்கிறார்கள். வனத்துறையும் செய்கிறது. சுமார் ஒன்றரை மாதத்தில் பொரியும். பொரிந்த குஞ்சைத் தொட்டியில் வளர்ப்பதெல்லாம் கிடையாது. நேரே கடலுக்கு! ஸீஸனில் போனால், குஞ்சு விடுவதை நின்று பார்க்கலாம்.

போனால் ஒன்று செய்யுங்கள். செல்போன் லைட்டை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அதுதான் கடல் என்று குஞ்சு நம்பிவிடும். பிறகு இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சும்மா நில்லுங்கள். ஆபீஸில் அப்படி நின்றால் மெமோ கிடைக்கும். ஆமைக்கு அதுதான் உபகாரம்.