அழைக்கும் ஊரே கூத்தின் உயிர்

நாட்டுப்புற இசை காலத்துக்கு ஒவ்வாமல் சாகிறது, சினிமா அதைக் கொன்றுவிட்டது, இருப்பதைப் பதிவுசெய்து வைப்பதே இனி வழி என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். கலசப்பாக்கம், போளூர், ஆரணி, செய்யாறு வட்டாரத்துத் தெருக்கூத்தை வைத்துப் பார்த்தால் இந்த மூன்றுமே பிழை.

காலத்துக்கு ஒவ்வாத கலை என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். கூத்தில் சுருதி சேர்க்கும் ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முகவீணையும் மிருதங்கமும் தாளமும் அதற்கு இடம் கொடுத்தன. ஆண்களே பெண் வேடம் கட்டிய கலைக்குள் இன்று பெண்களும் வேடம் கட்டுகிறார்கள். 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்திலிருந்து நவீன நாடகத்துக்கு வழி தேடினார். காலத்தோடு ஒட்டாத கலையிடம் யாரும் பாடம் கேட்க மாட்டார்கள்.

சினிமா கொன்றது என்பது அடுத்தது. பொழுதுபோக்கின் பங்கைச் சினிமா எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் கூத்து வெறும் பொழுதுபோக்கு அல்ல. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம், தீமிதி எல்லாம் ஒரே வழிபாட்டின் அங்கங்கள். நீத்தார் சடங்கில் கர்ண மோட்சம் ஆடுவதும் அப்படியே. அந்த இடத்தில் எந்தத் திரைப்படமும் உட்கார முடியாது.

பதிவு போதும் என்பது மூன்றாவது. பதிவு வேண்டும்; ஆனால் அது ஓர் இரவை மட்டுமே பிடிக்கும். வேடக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் ஏந்துவதும், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அந்தந்த ஊருக்கேற்பப் பேச்சை வளர்ப்பதும் எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து அமைபவை. ஆரணிப் பட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் சேலை கெடாது; உடுத்துவோர் இல்லாவிட்டால் தறி நின்றுவிடும்.

இளைஞர்கள் விலகுகிறார்களே என்று கேட்கலாம். விலகுகிறார்கள்தான்; ஆனால் இரவெல்லாம் பாடியும் குடும்பம் நடத்தப் போதாத கூலிதான் அவர்களைத் துரத்துகிறது. 2002 முதல் 2020 வரை காஞ்சிபுரம் அருகே இயங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் சிறுவர் சிறுமியர் பள்ளிப் படிப்போடு கூத்தையும் கற்றார்கள். படிப்பா கூத்தா என்று நெருக்காவிட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஆகவே காப்பாற்ற வேண்டியது, தக்க கூலி கொடுத்துக் கூத்துக்கு அழைக்கும் வழக்கத்தையே. பாரதத்துக்கு ஊர்ப்பணம் திரட்டும்போது பந்தலுக்கும் விளக்குக்கும் போக மிஞ்சியதை ஜமா எனப்படும் கூத்துக் குழுவுக்குக் கொடுக்காமல், அவர்கள் கூலியை முதலில் எடுத்துவைப்போம். அதைச் செய்யும் ஊரில் அடுத்த தலைமுறையும் வேடம் கட்டும்.