உயரம் இருந்தால் போதுமா?

செஞ்சி ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? அத்தனை உயரக் கோட்டையையும் 1750-ல் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது! கூடைப்பந்திலும் இப்படித்தான்.

கூடையருகே நிற்கும் நெட்டையர் 'சென்டர்'. பந்தைத் தட்டிச் சென்று ஆட்டத்தை நடத்துபவர் 'கார்டு'. பஞ்சாபின் சத்னம் சிங், 7 அடி 2 அங்குல சென்டர். 2015-ல் அமெரிக்காவின் என்.பி.ஏ. அணியான டல்லாஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால், ஒரு என்.பி.ஏ. லீக் ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. அதே ஆண்டு, அவரைவிட ஏறக்குறைய ஓர் அடி குட்டையான கார்டு ஸ்டீபன் கரி, தூரத்திலிருந்தே மூன்று மூன்று புள்ளிகளாக எறிந்து கோப்பையை வென்றார்.

அப்போ சென்டர்கள் அவ்வளவுதானா? செர்பியாவின் நிகோலா யோகிச்சைப் பாருங்கள். 2021, 2022, 2024-ல் சிறந்த வீரர் விருது பெற்ற சென்டர். 2024-25-ல் ஆட்டத்துக்குச் சராசரி 10 முறை, அவர் கொடுத்த பந்தைத் தோழர்கள் கூடையில் போட்டார்கள். அது கார்டு செய்யும் வேலையாச்சே!