சங்கிலி மருந்தாகாது

நோய் தீர்ப்பவர் என்றதும் டாக்டர் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் சித்த வைத்தியர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர், மந்திரித்துக் கயிறு கட்டுபவர் என்று நம் மக்கள் நாடிச் செல்வோர் பலர். இவர்கள் அனைவருக்கும் பொதுவான அறம் ஒன்று உண்டா? உண்டு என்பதே என் கருத்து. ஏர்வாடி அதை நமக்குக் கசப்பாகக் கற்பித்தது.

எங்கள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடி சென்று, முத்துக்குளித்துறைக் கடற்கரையை ஒட்டி வடகிழக்கே போனால் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி வரும். அங்குள்ள தர்காவில் தங்கி வேண்டிக்கொண்டால் மனநோய் தீரும் என்று நம்பிப் பல மதத்தவரும் வருவது நெடுநாள் வழக்கம். வந்தவர்களைத் தங்க வைக்கத் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அத்தகைய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர்.

இங்கே பிரார்த்தனையைக் குறை கூற வேண்டியதில்லை. அது ஒருவருக்கு ஆறுதல் தரலாம். ஆனால் சங்கிலி எந்த வகை வைத்தியம்? "கட்டாவிட்டால் ஓடிவிடுவார், கட்டினால் அடங்குகிறார்" என்பார்கள். அழுத்திப் பிடித்த சுருள்வில்லும் அசையாமல்தான் இருக்கிறது. அதனால் அதனுள் இருக்கும் ஆற்றல் போய்விட்டதாகுமா? அடங்கியிருப்பது வேறு, குணமாவது வேறு. சங்கிலி காவல் காப்பவரின் வசதிக்கே உதவுகிறது, நோயாளிக்கு அன்று.

பாரிஸ் நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் 1797ஆம் ஆண்டிலேயே மனநோயாளிகளின் சங்கிலிகளைக் கழற்றச் செய்தவர் புஸ்ஸேன். இவர் டாக்டர் அல்லர்; அங்கே பணிபுரிந்த கண்காணிப்பாளர். 1952இல் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்ச் சிகிச்சைக்கு வந்தது. அதன் பின் எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. இவ்வளவுக்குப் பிறகும் 2001இல் நம் கடற்கரையில் சங்கிலி இருந்தது என்றால், பழி அறிவியலின் மீதன்று. அதை மக்களிடம் கொண்டுசெல்லாத நம் மீதே.

அந்தத் தீக்குப் பின் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகத் தடை செய்கிறது.

ஆகவே நோய் தீர்க்க முன்வரும் எவரும், எந்த முறையைச் சேர்ந்தவராயினும், மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். நான் செய்வது நோயாளிக்குத் தீங்கு விளைவிக்காதா? அவருக்கு விளங்கும்படி சொல்லி, அவர் இசைவைப் பெற்றேனா? என்னால் முடியாதபோது, முடிந்தவரிடம் உடனே அனுப்புகிறேனா? மூன்றாவதுதான் மிகக் கடினம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் துணிவு ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு தேவையோ, நோயாளியின் அருகில் அதைவிட அதிகம் தேவை.

உங்கள் தெருவிலோ வீட்டிலோ மனநலம் குன்றியவர் ஒருவர் இருக்கலாம். அவரைக் கேலி செய்யாதீர்கள். கட்டிப் போடவும் விடாதீர்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கிடைக்கிறது. பெரியவர்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.