ஒரு சோறு பதம் போதுமா?

2024 ஜூன் 1, சனிக்கிழமை சாயங்காலம். எக்ஸிட் போல் எண்களைத் தளத்தில் ஏற்றியதே நான்தான். பெரும்பாலான கணிப்புகள் பா.ஜ.க கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. அதை நம்பி, மதுரையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா திங்கட்கிழமை சீட்டுப் பணத்தை ஷேரில் போட்டார். மறுநாள் வந்ததோ 293. சென்செக்ஸ் ஒரே நாளில் 4,389 புள்ளிகள் சரிந்தது. அக்கா பயந்துபோய் விற்றுவிட்டார். அந்த வாரக் கடைசியிலேயே சந்தை மீண்டது, பணம் மீளவில்லை. ‘‘நீதானே தம்பி போட்டிருந்த?’’ என்றார்.

ஆயிரம் பேரிடம் முறையாகக் கேட்டாலும் 3 சதவிகிதம் முன்னே பின்னே இருக்கும். 40 என்றால், அது 37-ஆகவும் இருக்கலாம், 43-ஆகவும் இருக்கலாம். 2016-ல் அ.தி.மு.க-வுக்கும் தி.மு.க கூட்டணிக்கும் வாக்கு வித்தியாசம் சுமார் 1 சதவிகிதம்தான். இடங்களோ 134-க்கு 98!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால், பானை சீராக வெந்திருக்க வேண்டுமே! அண்ணா நகரில் கேட்டது உசிலம்பட்டிக்குப் பொருந்தாது. மனதில் இருப்பதைச் சொல்லாதவர்களும் உண்டு.

அடுத்த கணிப்பு வரும்போது கேளுங்கள்: எத்தனை பேரிடம், எங்கே, எப்போது கேட்டார்கள்? நானும் இப்போது அந்த மூன்றையும் போட்டுவிட்டுத்தான் எண்ணைப் போடுகிறேன்.