மூக்கடைப்பும் காது மந்தமும்



எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றோரமும் தண்டவாளத்தை ஒட்டியும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதன் மகரந்தம் பலருக்கு ஒவ்வாது. பூக்கும் காலத்தில் என் அம்மாவுக்குத் தும்மலோடு காதும் அடைத்துக்கொள்ளும், எழுந்தால் கிறுகிறுக்கும். 'வயசாச்சு' என்றே விட்டிருந்தோம். சென்ற ஆண்டு எண்ணூர் விரைவுச் சாலையைக் கடக்கும்போது, பின்னால் வந்த கன்டெய்னர் லாரியின் ஹாரன் அவருக்குக் கேட்கவே இல்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் யூஸ்டேஷியன் குழல் இணைக்கிறது. ஒவ்வாமையால் அது வீங்கினால் காதுக்குள் காற்றழுத்தம் சமப்படாது. செவிப்பறை சரியாக அதிராமல் சத்தம் மங்கும்; சிலருக்குத் தள்ளாட்டமும் வரும். சாம்பலும் புகையும் கலந்த எங்கள் பகுதிக் காற்று மூக்கின் எரிச்சலை இன்னும் கூட்டுகிறது.

கடையில் கேட்டு வாங்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள் சில தூக்கத்தை வரவழைத்துத் தள்ளாட்டத்தை அதிகமாக்கும். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஸ்டான்லி மருத்துவமனை வரை போக முடியாத முதியவர்களுக்காக, திருவொற்றியூர், எண்ணூர் நகர்ப்புற சுகாதார நிலையங்களில் பூக்கும் பருவத்திலாவது செவித்திறன் பரிசோதனை முகாம் நடத்த மாநகராட்சியை வேண்டுகிறேன்.

ஒரு வாசகி,
திருவொற்றியூர்.